நம் ஊரிலும் இலை உதிர்கிறது

என் தங்கையின் மகன் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கை நிறையச் சம்பளம். மனசு நிறையப் பாசம். வாரம் தவறாமல் டெலிபோனில் கூப்பிட்டு, "மாமா, மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" என்று விசாரிப்பான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இந்தக் கட்டுரையில் அவனைக் கொஞ்சம் கடிந்து பேசப் போகிறேன். படிக்கிறவர்கள் அவனைப் பொல்லாதவன் என்று நினைத்துவிடக் கூடாது.

போன மாசி மாதக் கடைசியில் ஒரே நாளில் அவனிடமிருந்து இரண்டு செய்திகள் வந்தன. காலையில் வந்தது ஒரு படக் கட்டுரை. "உலகத்தில் இலையுதிர் காலம் பார்க்கச் சிறந்த இடங்கள்" என்று தலைப்பு. அமெரிக்காவில் வெர்மான்ட், கனடாவில் அல்கான்குவின் பூங்கா, ஜப்பானில் கியோட்டோ, கொரியாவில் நெஜாங்சான், நம் காஷ்மீரம் என்று வரிசையாகப் படங்கள். அடியில் அவன் எழுதியிருந்தான்: "மாமா, வர்ற கார்த்திகைக்கு கியோட்டோ போறோம். நீங்களும் வாங்க. டிக்கெட் நான் எடுத்துருதேன்."

சாயங்காலம் டெலிபோன் வந்தது. "மாமா, குருவிகுளத்து வீட்டு வாசல்ல நிக்கிற வேம்பை வெட்டிரலாம்னு இருக்கேன். இலை கொட்டிக் கொட்டி மாடியில தண்ணி போற குழாய் அடைச்சுக்கிடுது. குடியிருக்கிறவங்க தினம் ஒரே குப்பைன்னு புலம்புறாங்க. ஆளுக்குச் சொல்லியாச்சு. அன்னைக்கு மட்டும் நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்க."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இலை உதிர்வதைப் பார்க்க லட்சக் கணக்கில் செலவழித்துக் கடல் தாண்டிப் போகிறவன், இலை உதிர்க்கிறது என்ற குற்றத்துக்காகத் தன் வீட்டு மரத்துக்கு மரண தண்டனை விதிக்கிறான்! இரண்டு செய்திக்கும் நடுவே எட்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இதில் ஒரு பொருத்தக்கேடு இருப்பதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தபோது, கோபிக்க வேண்டியது அவனை மட்டும் அல்ல என்று பட்டது. அவன் கண்ணை அப்படிப் பழக்கி வைத்தவர்கள் நாம். அதாவது, பாடம் சொல்லிக் கொடுத்தவர்களும், சினிமாப் பாட்டுக்குப் படம் பிடித்தவர்களும், என்னைப்போலக் கதை எழுதிப் பிழைத்தவர்களும்.

"போக முடியாத கிழவனுக்கு இந்தப் பழம் புளிக்கிறது" என்று யாராவது சொல்லக்கூடும். கியோட்டோவை நான் பார்த்ததில்லை, மெய்தான். ஆனால் ஸ்ரீநகரில் ஓர் ஐப்பசி மாதம் பத்து நாள் இருந்திருக்கிறேன். அங்கே சர்வகலாசாலை வளாகத்துக்குள் நசீம் பாக் என்று மொகலாயர் காலத்துத் தோப்பு ஒன்று உண்டு. முழுக்கச் சினார் மரங்கள். அந்தப் பருவத்தை அவர்கள் ஹருத் என்கிறார்கள். அகன்ற இலைகள் மஞ்சளாகி, செம்பாகி, கடைசியில் துருவேறிய இரும்பு நிறமாகிக் கீழே விழுந்து முழங்கால் அளவு குவிந்து கிடந்தன. அழகா என்றால் அழகுதான். அதை மறுக்கிறவன் கண்ணில்லாதவன். ஆகவே, "போகாதே" என்று யாருக்கும் நான் உபதேசம் செய்ய வரவில்லை. காசும் ஓய்வும் உள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும்.

ஆனால் ஸ்ரீநகரில் என்னை அதிகம் பாதித்தது மரமல்ல, மரத்தடியில் நடந்த வேலை. பெண்கள் விழுந்த சருகுகளைக் கூட்டிக் குவித்தார்கள். அளவாகத் தீ வைத்து, தண்ணீர் தெளித்து அணைத்து, கரியாக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டார்கள். பனிக்காலத்தில் அங்கே ஒவ்வொருவரும் மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரி என்ற நெருப்புச் சட்டிக்கு அந்தக் கரிதான் ஆகாரம். சுற்றுலாக்காரனுக்கு அந்த இலை ஒரு காட்சி. அவர்களுக்கு அது அடுத்த மூன்று மாதத்துச் சூடு. படக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தை எழுதுவதே இல்லை. இலையுதிர் காலம் என்பது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் காட்சி என்றே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். காட்சி என்று ஆகிவிட்டால் அது எப்போதும் வேறொருவன் ஊரில்தானே இருக்கும்?

சரி, இலை ஏன் நிறம் மாறுகிறது? குளிர்நாடுகளில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது மரம் தன் இலையிலுள்ள பச்சையத்தைக் கலைக்கிறது. அதில் உள்ள சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், அதுவரை அதற்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி அல்ல. சில மரங்கள் அதை அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாக்கிக்கொள்கின்றன. பிறகு காம்பின் அடியில் ஒரு தடுப்பு விழுகிறது. இலை கழன்று போகிறது. ஆக, இலையுதிர்ப்பு என்பது ஒரு சிக்கன நடவடிக்கை. வரப்போகும் கெட்ட காலத்துக்கு முன்பாக மரம் தன் வரவு செலவைச் சரிசெய்கிறது. வெர்மான்ட்டில் அந்தக் கெட்ட காலம் பனி. நம் ஊரில் அது வெயில். அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே புரட்டாசியில் நடப்பது இங்கே மாசியில் நடக்கிறது.

இந்தச் சின்ன விஷயத்தை நாம் படுத்தியிருக்கும் பாட்டைப் பாருங்கள். நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பகுத்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்; மழையும் வாடையும் சேர்ந்த காலம். நம் கரிசலில் உள்ளதிலேயே பச்சையான காலம் அதுதான். இங்கிலீஷ்காரன் நாலு பருவத்தோடு வந்தான். அவனுடைய மூன்றாவது பருவத்துக்கு நாம் ஒரு பெயர் தேடி, இலையுதிர் காலம் என்று வைத்தோம். பெயர் அழகான பெயர். ஆனால் பெயரோடு அவனுடைய மாதங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டோமே, அங்கேதான் பிசகு.

பாலர் பள்ளிச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். அதில் சிவப்பு மேப்பிள் இலை. பக்கத்தில் "செப்டம்பர் முதல் நவம்பர் வரை". குழந்தை அதைப் பாராமல் ஒப்பிக்கிறது. ஒப்பித்துவிட்டு வெளியே வந்தால் ஐப்பசி அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு போகிறது. சுற்றிலும் ஒரு சருகு கிடையாது. மாசி மாதம் அதே குழந்தை தெருவில் கணுக்கால் அளவு சருகை மிதித்துக்கொண்டு போகிறது; அந்தக் காலத்துக்கு அதன் பாடத்தில் பெயர் இல்லை. பெயரில்லாத ஒன்றைக் கண் எப்படிக் காணும்?

குழந்தையைச் சொல்வானேன்? நானே செய்த பாவம் ஒன்று இருக்கிறது. எழுத ஆரம்பித்த புதிதில் ஒரு காதல் கதை எழுதினேன். திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஐப்பசி மாலை. கதாநாயகி பிரிந்து போகிறாள். வழி நெடுக மஞ்சள் இலைகள் சோகமாக உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. பத்திரிகையில் வந்தது. நாலு பேர் பாராட்டினார்கள். பத்து நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. முன்பின் தெரியாத ஒரு விவசாயி எழுதியிருந்தார். ஐப்பசியில் எந்த மரமய்யா உங்கள் ஊரில் இலை உதிர்க்கிறது, தெரிந்தால் சொல்லுங்கள், நானும் வந்து பார்க்கிறேன் என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. பதில் இல்லை. படித்த இங்கிலீஷ் நாவல்களிலிருந்து பருவத்தைக் கடன் வாங்கி, அதை நெல்லைச் சீமை மரத்தில் தொங்கவிட்டிருந்தேன். அந்தக் கார்டு இன்னும் என் மேஜை அறையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அந்த மனிதருக்குத் தாமதமாக எழுதும் பதில் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

இனி எங்கள் ஊருக்கு வாருங்கள். சங்கரன்கோவில் பக்கத்துக் குருவிகுளம் ஒரு காலத்தில் ஜமீன் ஊர். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது அதோடு போயிற்று. கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. சுற்றுலாக்காரர் யாரும் இதுவரை வழி தவறிக்கூட வந்ததில்லை. இங்கே தை பிறந்து, வெள்ளாமை வீடு வந்து, கரிசல் வெடிக்க ஆரம்பிக்கும்போது பருவம் தொடங்குகிறது.

முதலில் நாட்டு வாதுமை. பங்களா வாசலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் அடுக்குக் குடை மாதிரி நிற்குமே, அதுதான். உள்ளங்கையைவிடப் பெரிய இலைகள் ஒவ்வொன்றாகச் சிவக்கும். ஒரே மரத்தில் பச்சை, மஞ்சள், செம்மண் நிறம், பட்டுப்புடவைச் சிவப்பு நாலும் இருக்கும். படத்தில் உள்ள மேப்பிளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் எது எந்த ஊர் இலை என்று கேட்கவேண்டி வரும். பிறகு ஊருணிக் கரை அரசு. அது பழுத்து உதிர்ந்து சில நாள் வெறும் கிளையாக நிற்கும். ஒரு காலையில் பார்த்தால், செம்பைத் தேய்த்துத் துலக்கி வைத்தாற்போல் கொழுந்து மின்னும். காற்றே இல்லாதபோதும் அந்தக் கொழுந்து ஆடும். பூவரசு ஆண்டு முழுவதும் ஒன்றிரண்டாக மஞ்சள் இலை போட்டுக்கொண்டே இருக்கும். புங்கை சருகைக் கொட்டிவிட்டு, எலுமிச்சங்காயும் தோற்கிற பளபளப்பில் ஒரு பச்சையை எடுத்துக் கட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலே வேம்பு. மாசிக் கடைசியில் அதன் சிற்றிலைகள் மஞ்சளாகி, சின்னக் காற்றுக்கும் சரம் சரமாக இறங்கும். தெரு முழுக்க மஞ்சள் தூவிய மாதிரி இருக்கும். அந்த மஞ்சள் தீருமுன்பே கிளை நுனியில் சிவந்த கொழுந்து கிளம்பிவிடும். கொழுந்து பச்சையாகுமுன் பூ வந்துவிடும். சித்திரை முதல் தேதிப் பச்சடிக்கு நாம் போடுகிற பூ அதுதான். இன்னும் பார்க்க ஆசை உள்ளவர்கள் சங்கரன்கோவில் தாண்டி, புளியங்குடி வழியாகத் தென்காசி ரஸ்தாவில் மலையைப் பார்த்துக்கொண்டே குற்றாலம் வரைக்கும் போகலாம். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் வறண்ட காடு சருகு நிறத்தில் நிற்கும். மேலே ஈரக் காட்டில் நாங்கு மரம் கொழுந்து விட்டால் மரமே சிவப்பாக இருக்கும். குளிர்நாட்டில் சாகப்போகிற இலைதான் சிவக்கிறது. நம் காட்டில் பிறக்கிற இலையும் சிவக்கிறது.

இதைத்தான் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டில் இலை உதிர்ந்தால் மரம் மாதக் கணக்கில் மொட்டையாக நிற்கும். அவர்கள் இலக்கியத்தில் இலையுதிர் காலம் முதுமைக்கும் பிரிவுக்கும் அடையாளமானதில் நியாயம் இருக்கிறது. நம் வேம்பு அப்படியா? ஐப்பசி மழைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அந்த அக்கினியில், ஒரு சொட்டு மழையை எதிர்பாராமல், அடி வேரில் தேடிய ஈரத்தை நம்பி அது புதுசாகக் கிளம்புகிறது. உதிர்வும் துளிர்ப்பும் ஒரே கிளையில் ஒரே வாரத்தில். இதைப் பார்த்து அழுவதற்கு எங்கிருந்து கற்றுக்கொண்டோம்? சோகத்தைக்கூட இறக்குமதி செய்துகொண்ட ஜாதி நாம்.

மருமகன் சொன்ன ஒரு வார்த்தைக்கு இப்போது வருகிறேன்: குப்பை. என் பால்யத்தில் எங்கள் ஊரில் குப்பை என்றால் செல்வம் என்று அர்த்தம். "அவுகளுக்கென்ன, பத்து வண்டி குப்பை கிடக்கு" என்பது ஒரு வீட்டின் அந்தஸ்தைச் சொல்லும் பேச்சு. ஒவ்வொரு சம்சாரி வீட்டுக்கும் குப்பைக்கிடங்கு உண்டு. தொழுவத்துச் சாணியும் வாசல் வேப்பஞ்சருகும் அதில்தான் போய்ச் சேரும். கோடையில் வண்டி கட்டிப் புஞ்சைக்குக் குப்பை அடிப்பார்கள். வேப்பிலை குலுக்கையில் தானியத்தோடு படுத்துப் பூச்சியை விரட்டும். ஸ்ரீநகரத்துப் பெண்களுக்குச் சினார் சருகு எப்படியோ, அப்படி இருந்தது எங்களுக்கு வேப்பஞ்சருகு. மாடு போயிற்று, குப்பைக்கிடங்கு போயிற்று. உர மூட்டை வந்தது. சருகுக்குப் போகிற இடம் இல்லாமல் போயிற்று. இலை மாறவில்லை, அதை வாங்கிக்கொள்ளும் வீடுதான் மாறிவிட்டது. இப்போது தெரு ஓரத்தில் பாலிதீனோடு சேர்த்துக் கொளுத்துகிறோம். புகை கண்ணைக் கரிக்கிறது, மரத்தைத் திட்டுகிறோம்.

இங்கே எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை நான் மறைக்கக் கூடாது. எதிர்வீட்டு மதினியிடம் இந்த விஷயத்தைப் பற்றி உணர்ச்சியோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் வாரியலைக் கீழே வைக்காமல் கேட்டார்: "அண்ணாச்சி, பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு. காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை கூட்டுறது யாரு? நீங்களா?" நான் வாயடைத்துப் போனேன். ரசனை பற்றி எழுதுகிற ஆண்பிள்ளைகள் எவரும் வாரியல் எடுப்பதில்லை. மாசி முழுக்க ஒரு பெண்ணின் இடுப்பு ஒடியத்தான் வாசல் சுத்தமாகிறது. அந்தப் பாரத்தை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, "ஆகா, என்ன மஞ்சள்!" என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வது நாகரிகமல்ல. ஆகவே என் கட்சி இது: மரம் வேண்டும் என்கிறவன் வாரியலும் பிடிக்க வேண்டும். நான் பிடிக்கிறேன். காலை நேரம் என்னுடையது. கொல்லையில் ஒரு குழி வெட்டிச் சருகை அதில் போட்டு அவ்வப்போது தண்ணீர் தெளித்து வருகிறேன். அடுத்த ஆண்டு முருங்கைக்கு ஆகும். மதினியும் தம் வாசல் சருகை அதே குழியில் தட்டுகிறார்.

ஜப்பான்காரனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அது கியோட்டோவில் போய்ப் படம் எடுத்துக்கொள்வதல்ல. 1953-லிருந்து அவர்களுடைய வானிலைத் துறை, எந்த ஊரில் செர்ரி என்று பூத்தது, மேப்பிள் என்று சிவந்தது என்று தேதி போட்டு எழுதி வருகிறது. 2021-இல் அந்தப் பட்டியலைச் சுருக்கி ஆறு செடிகளோடு நிறுத்தினார்கள். அந்த ஆறிலும் மேப்பிள் இருக்கிறது. அதனால்தான், பூமி சூடாக ஆக மேப்பிள் சிவக்கும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிகிறது. நம் பக்கத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. சீசன்வாட்ச் என்ற பெயரில் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் மரங்களைப் பார்த்துத் துளிர், பூ, காய் எல்லாம் குறித்து வருகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் நடக்கக் கூடாதா? ஊருணி அரசு என்று கடைசி இலையைப் போட்டது, என்று முதல் கொழுந்து விட்டது என்று குருவிகுளத்தில் ஒருவரிடமாவது ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறதா? சினிமாப் பாட்டு ரிலீஸான தேதி சொல்லுவோம். வாசல் மரத்தின் தேதி தெரியாது.

இந்த மாசியில் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். பள்ளிச் சுவரில் மேப்பிள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வேம்பும் ஒரு வாதுமையும் வரைந்து, "தை முதல் பங்குனி வரை" என்று எழுதச் சொல்லி உபாத்தியாயரைக் கேட்டிருக்கிறேன். "பரீட்சையில் வராதே!" என்றார். வராவிட்டால் என்ன? மார்க்குக்காகவா இலை உதிர்கிறது?

மருமகனிடம் மறுநாளே பேசினேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, ஆளை நிறுத்திருதேன். குழாய்க்கு ஒரு வழி சொல்லுங்க" என்றான். குழாய் வாய்க்கு ஒரு கம்பி வலை, மாடிமேல் சாய்ந்த இரண்டு கிளைகளை மட்டும் கழிப்பது, இவ்வளவுதான் வழி. ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. ஒரு தலைமுறை வளர்ந்த மரத்தை வெட்ட நினைத்ததற்குக் காரணம் ஐந்நூறு ரூபாயும் அரை நாளும்!

கார்த்திகையில் அவன் கியோட்டோ போய் வரட்டும். அந்த டிக்கெட்டை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதிலுக்கு நான் அவனுக்கு ஒரு டிக்கெட் எடுக்கப் போகிறேன். சென்னையில் ராத்திரி செங்கோட்டை ரயில் ஏறினால் காலையில் சங்கரன்கோவில், அங்கிருந்து பஸ். மாசிக் கடைசி வாரம் வர வேண்டும். பிள்ளைகளையும் அழைத்து வர வேண்டும். வேம்பு மஞ்சளைக் கொட்டிக்கொண்டிருக்கும். பார்த்து ரசித்து முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாரியல் கொடுப்பதாக மதினி சொல்லியிருக்கிறார்.